உறையாத மெழுகு

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது என் அக்காவுக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

அக்காவுக்கு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கடலுக்குள் காற்றாலை நிறுத்த வேண்டுமென்றால், அடியில் இருக்கும் மண் அந்தக் கோபுரத்தைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். அத்தான் படகில் போய்க் கடலடியைத் துளைத்து, இரும்புக் குழாயில் மண் எடுப்பார். ஈரம் போகாமல் இரு முனையிலும் மெழுகு ஊற்றி அடைத்து அனுப்புவார். அக்கா அந்த மண்ணை மெஷினில் வைத்து அழுத்திப் பார்ப்பாள். "நான் தோண்டுறேன், நீ நோண்டுறே" என்று அவளைச் சீண்டுவார். வாய் ஓயாத மனுஷன்.

குழாய் நிறைந்திருக்கிறதா என்று விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவது அவர் வழக்கம். கைப்பழக்கத்தில் வீட்டுக் கதவையும் அப்படித்தான் தட்டுவார். டொக்... டொக்.

"காலியா, நிறைஞ்சிருக்கா?" என்று உள்ளேயிருந்து அக்கா கேட்பாள்.

"வயிறு காலி. கதவைத் திற."

ஐந்து மாதத்துக்கு முன்னால் அவர் கடலில் விழுந்துவிட்டார். உடல் கிடைக்கவில்லை. வாசலில் கிடந்த அவர் செருப்பை அக்கா யாரையும் எடுக்க விடவில்லை. "கண்ணால பாக்காம எப்படி நம்புறது?" என்பாள்.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அத்தான் கடைசியாக எடுத்த குழாய்களை அக்கா குளிர் அறையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பட்டியலைவிட ஒன்று கூடுதலாக இருந்தது. எண்ணக்கூட மறந்துபோச்சா என்று தன்னையே திட்டிக்கொண்டு அதைத் தூக்கினாள்.

கட்டைவிரல் மெழுகில் அமுங்கியது. அந்தக் குளிரில் மெழுகு கல்லாக இருக்க வேண்டும். இது இளஞ்சூடாக இருந்தது... இப்போதுதான் ஊற்றியது போல.

டொக்... டொக்.

கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை.

டொக்... டொக்.

குழாய்க்குள்ளிருந்து.

வாய் முந்திக்கொண்டது.

"காலியா... நிறைஞ்சிருக்கா?"

தட்டல் நின்றது. பிறகு, ரொம்ப மெதுவாக...

"நிறைஞ்சிருச்சும்மா."

சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் பார்த்தபோது, அக்கா குழாயை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஐந்து மாதத்தில் அன்றுதான் முதல்முறையாக அழுதாள். அதைத் திறக்க யாரையும் விடவில்லை.

சாயங்காலம் அத்தானோடு படகில் வேலை செய்த பையனுக்குப் போன் போட்டாள். "ஒரு குழாய் அதிகமா இருக்கே தம்பி, அது எப்போ எடுத்தது?"

"அதிகமா இருக்காதே அண்ணி. கடைசிக் குழாய் கரைக்கு வரவே இல்ல. அதுக்கு மெழுகு ஊத்தி முடிச்சாரு, அலை அடிச்சிருச்சு. அதைப் பிடிச்சபடியேதான் அண்ணன் உள்ள போனாரு."

அக்கா போனை வைத்தாள். வாசலுக்குப் போய், செருப்பை எடுத்துத் துடைத்து உள்ளே வைத்தாள். கதவை மட்டும் அன்று தாழ் போடவில்லை.