ஒரு விநாடி பிந்திய சிவப்புக் கட்டம்

அந்த மனிதரை அடித்தவர்களில் நானும் ஒருவன்.

அது மட்டும் என்றால் உங்களிடம் வந்திருக்க மாட்டேன். கூட்டத்தோடு கூட்டமாய்க் கை நீட்டியவர்கள் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று மறந்துவிடுகிறார்கள். ஆனால் நான் அடித்தபோது அவர் திருடவில்லை என்று எனக்குத் தெரியும்! அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்துகொண்டேதான் கையை ஓங்கினேன்.

என் தொழிலைச் சொன்னால்தான் உங்களுக்கு இது விளங்கும். ஓடும் காணொளியின் மேல் கோடும் எழுத்தும் வரையும் நிரல்களை எழுதுகிறவன் நான். பாதுகாப்புக் கமராவின் படத்தில் ஓர் ஆளைக் குறித்துவிட்டால் போதும், அவர் நடக்கும் இடமெல்லாம் ஒரு சிவப்புக் கட்டம் பின்தொடரும். கடைசியில் அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் முகத்தைப் பெரிதாக்கி நிறுத்தும். பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்கும் அதில் தலைகால் புரியாத பெருமை.

படம் வேறு, கட்டம் வேறு. படத்தின் மேல் வைத்த கண்ணாடியில்தான் கட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் தனித்தனியே நேரம் உண்டு, அவை பொருந்த வேண்டும். கண்டி நகரின் கொழும்பு வீதியில் நான் வேலை செய்துகொடுத்த புடவைக்கடையில் கமராவின் படம் திரைக்கு ஒரு விநாடி தாமதமாய் வந்தது. ஆகவே கட்டத்தின் நேரத்தோடும் ஒரு விநாடியைக் கூட்டினேன். நேரடிப் படத்துக்கு அது சரி. சேமித்த பதிவில் அந்தத் தாமதம் கிடையாது. அங்கே கூட்டினால் ஆள் நகர்ந்துவிடுவார், கட்டம் பிந்தி வந்து வெற்றிடத்தில் நிற்கும். இது எனக்குத் தெரியாததல்ல. ‘பிறகு திருத்த வேண்டும்’ என்று நிரலுக்குள்ளேயே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன்.

பிறகு! எங்கள் தொழிலில் அந்தச் சொல்லை எழுதாதவன் இல்லை... ஒரு விநாடியில் யாருக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. கடைக்குள் கால் வைக்க இடமில்லை. மேல்மாடிக் கணினியில் நான் ஏதோ சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு பெண் அலறினாள். சேலை பார்க்கும்போது பக்கத்தில் வைத்த கைப்பையைக் காணவில்லை. பைக்குள் அவளுடைய தாலி இருந்தது, கொடி மாற்றக் கொண்டுவந்திருந்தாள். தாலி என்ற சொல்லைக் கேட்டதும் கடையே கொதித்தது. முதலாளி மூச்சிரைக்க மேலே ஓடி வந்தார்.

“தம்பி, எவன்னு பாருங்க! இன்னைக்கு அவன் கைய முறிக்காம விடமாட்டேன்!”

பார்த்தேன். சேமித்த பதிவில் பச்சைச் சட்டைக்காரன் ஒருவன் குனிந்து பையை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கிப் போனான். குறித்தேன். துண்டை வெட்டி முதலாளியின் கைப்பேசிக்கு அனுப்பினேன். வெட்டிய துண்டை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேனா? இல்லை! என் நிரலை நானே சந்தேகிப்பதா என்ற திமிர்.

முதலாளி கடைசியில் பெரிதாகி நின்ற முகத்தை மட்டும்தான் பார்த்தார். அவர் முகம் கறுத்துப்போனது.

“அட பாவி... நம்ம செல்வராசு! நம்ம சோத்தத் தின்னுட்டு...”

செல்வராசு அந்தக் கடைக்குத் துணிப் பொதி ஏற்றி இறக்கும் நாட்டாமி. கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஐம்பது வயதிருக்கும். முதலாளி அந்த முகப் படத்தை வியாபாரிகளின் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, துணி அளக்கும் இரும்புக் கோலோடு படியிறங்கினார்.

அதற்குப் பிறகுதான் நான் அந்தத் துண்டை ஓட்டினேன். பச்சைச் சட்டைக்காரன் வாசலைத் தாண்டுகிறான். ஒரு விநாடி. அவன் நின்ற இடத்துக்கு, பொதியை இறக்கிவிட்டு வெறுங்கையோடு செல்வராசு வருகிறார். கட்டம் வந்து அவர்மேல் உட்கார்கிறது. அவருடைய முகம் பெரிதாகி நிற்கிறது...

ஓடினேன். உண்மையைச் சொல்லத்தான் ஓடினேன் என்று நினைக்க எனக்கு ஆசை.

மணிக்கூட்டுக் கோபுரத்தருகே, வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றவரைப் பிடித்திருந்தார்கள். நான் போய்ச் சேரும்போதே சட்டை கிழிந்து, வாயெல்லாம் இரத்தம். ஒருவன் அவர் தலைமயிரைப் பிடித்து நிமிர்த்த, இன்னொருவன் முகத்தில் குத்தினான். அவர் விழுந்தார். விழுந்தவரின் விலாவில் உதைத்தார்கள். செருப்புக் கால்களுக்கிடையில் அவருடைய கை எதையோ தேடித் துழாவியது. ஒருவன் அந்த விரல்களின்மேல் ஏறி நின்றான்.

“நான் எடுக்கலீங்க... சாமி சத்தியமா எடுக்கலீங்க...”

பாத்திரக்கடை வைத்திருக்கும் அலவத்துகொட ஊர் முஸ்லிம் நானா ஒருவர்தான் குறுக்கே விழுந்து தடுத்தார். “அடிக்காதீங்க! மனுசன் மௌத்தாப் போயிருவான்! பொலிஸுக்குக் குடுங்க!” அவரையும் பிடித்துத் தள்ளினார்கள்.

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் முதலாளி என் தோளில் கை போட்டார்.

“இந்தத் தம்பிதான் கண்டுபிடிச்சாரு! இவர் இல்லாட்டி இவன் நாளைக்கும் நம்ம கடையில நின்னிருப்பான்!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது... ஐயோ, அது எனக்குப் பிடித்திருந்தது! முதலாளி இரும்புக் கோலை என் கையில் திணித்தார்.

“நீங்களும் ஒண்ணு போடுங்க தம்பி.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். அன்று வந்த கோபம் யார் மேல்? ‘பிறகு’ என்று எழுதிய என் மேலா? அந்த விநாடியில் அங்கே வந்து நின்றதற்காக அவர் மேலா? அடிக்காவிட்டால் பேச வேண்டியிருக்கும். பேசினால் அந்தக் கூட்டம் என் பக்கம் திரும்பும். இத்தனையும் யோசித்துத்தான் அடித்தேன் என்று சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை. ஓங்கினேன். இடது காதுக்கு மேலே விழுந்தது. தேங்காய் உடைவது போல ஒரு சத்தம். அவருடைய கண்கள் மேலே செருகிக்கொண்டன.

அதோடு எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு பலமாக வேறு யாரும் அடித்திருக்கவில்லை.

பொலிஸார் பதிவைக் கேட்டார்கள். வெட்டிய துண்டின் கடைசியில் நின்ற முகப் படத்தை மட்டும் கொடுத்தேன். மூலப் பதிவு பழுதாகிவிட்டது என்றேன். அவர்கள் வருவதற்கு முன் நான்தான் அதை அழித்தேன். பிறகு நிரலைத் திறந்து ஒரு விநாடி கூட்டும் வரியைத் திருத்தினேன். இரண்டு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை! பை கிடைக்காததால் அவர்மேல் வழக்கு நிற்கவில்லை. ஆனால் அந்தப் படம் கண்டி, கம்பளை, தெல்தெனிய எல்லாம் சுற்றிவிட்டது. அடித்தவர்களில் யாரையும் யாரும் கேட்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். கதிரையில் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது காது கேட்பதில்லை. பொதி தூக்கவும் இனி முடியாது. கடையிலிருந்து வந்திருக்கிறேன், கமரா வேலை செய்பவன் என்றேன். அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து எனக்கு மட்டும் கொடுத்தாள். அவர் இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை.

“சேர், ஒண்ணு கேக்கவா?” என்றார். “அன்னைக்கு நடந்தது எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லீங்க. காலையில பஸ் ஏறினது தெரியும், பொறகு ஆஸ்பத்திரிதான். எல்லாரும் படத்துல நான் இருக்கேன்னு சொல்றாங்க. இவளும் பாத்திருக்கா. நான் அப்பிடிப்பட்டவன் இல்லீங்க... ஆனா படம் பொய் சொல்லாதே? நீங்க படிச்சவரு, அந்த வேலையே செய்றவரு. நீங்க சொன்னா நான் நம்புறேன். நான்தான் எடுத்தேனா?”

யோசித்துப் பாருங்கள். ‘இல்லை’ என்ற ஒரே சொல். அதை மட்டும் சொல்லியிருந்தால் போதும், என் அடியைப் பற்றிச் சொல்லாமலே விட்டிருக்கலாம். அதற்குக்கூட என் நாக்கு எழவில்லை. எழுந்தது வேறு சொல்.

“படத்துல அப்படித்தான் இருக்குது” என்றேன்.

அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

“நீ சொன்னது சரிதான் புள்ள. நான்தான் எடுத்திருக்கேன். அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் தேநீரைக் குடித்து முடித்தேன். ஆமாம், முழுவதையும் குடித்தேன்!

கண்டியிலிருந்து அவர் வீட்டுக்குப் போக இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அவர் உயிரோடுதான் இருக்கிறார், தன்னைத் திருடன் என்று நம்பிக்கொண்டு. உங்களிடம் இவ்வளவும் சொல்லிவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.