எட்டுத் தகடு நூக்கமரம்

எங்கள் அப்பா இருதயராஜ் பொய் சொன்னார் என்று விழுப்புரத்தில் இன்னும் சிலர் பேசுகிறார்கள். திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கும் அந்தப் பேச்சு வந்துவிட்டது. தேக்கைக் காட்டி நூக்கு என்றாராம். பெண்ணைக் கட்டிக்கொடுக்க மரத்துக்கு வேஷம் போட்டாராம். நடந்தது என்ன என்று எங்களை யாரும் கேட்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு மூன்று மாதமாக வீட்டில் சும்மா இருக்கிறேன். யாரும் கேட்காவிட்டாலும் எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரரின் மரப் பட்டறையில் பதினாறு வருடம் வேலை பார்த்தவர். அந்த ஊரை விட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் புறப்பட்டபோது பட்டறை முதலாளியும் கப்பல் ஏறினார். போகும்போது மிச்சம் மீதியை ஆட்களுக்குக் கொடுத்தார். ஒருவர் உளிகளை எடுத்துக்கொண்டார். ஒருவர் இழைப்புளி எடுத்துக்கொண்டார். அப்பா கேட்டு வாங்கியது எட்டுத் தகடு நூக்கமரம்.

தகடு என்றால் உலோகம் இல்லை. நூக்க மரத்தை, அதாவது தேக்கைவிட விலை கூடின கறுப்பு ஈட்டி மரத்தை, அட்டை அளவு கனத்துக்குச் சீவி எடுத்தது. வெனீர் என்று பட்டறையில் பெயர். எட்டும் ஒரே மரத்தில் அடுத்தடுத்துச் சீவியவை. மூலையில் பென்சிலால் ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டிருந்தது. அடுத்தடுத்த இரண்டைப் புத்தகம் போலப் பிரித்து வைத்தால் இந்தப் பக்கத்து ரேகை அந்தப் பக்கம் கண்ணாடியில் தெரிவது போல இருக்கும். ஒன்று தவறினாலும் வேறு மரத்திலிருந்து அதற்கு ஜோடி கிடைக்காது. இரண்டு பலகைகளுக்கு நடுவே அவற்றை வைத்துக் கட்டி, தன் கட்டிலுக்கு அடியில் எட்டு வருடம் காப்பாற்றினார். எத்தனையோ பேர் நாற்காலிக்கும் மேசைக்கும் கேட்டார்கள். கொடுக்கவில்லை. "அது அம்சாவுக்கு" என்று சொல்லிவிடுவார்.

அம்சா என்பது என் அக்கா அம்சவள்ளி. 1962-இல் அவளுக்கு விழுப்புரத்தில் இடம் கூடி வந்தது. மாப்பிள்ளை ரயில்வேயில் இருந்தார், இஞ்சின் ஷெட்டில் வேலை. எங்களைவிடக் கொஞ்சம் ஏறின குடும்பம். அப்பாவுக்கு ஒரே எண்ணம்தான். அக்கா அந்த வீட்டில் நுழையும்போது யாரும் அவளைக் குறைத்துப் பார்க்கக் கூடாது.

நிச்சயத்துக்கு வந்த மாப்பிள்ளையின் அம்மா, அம்மணி அத்தை, நேராகவே கேட்டாள்.

"பொண்ணுக்கு இன்னா சீரு செய்யப் போறீங்க?"

"நூக்க மரத்துல ஒரு பீரோ" என்றார் அப்பா. "விழுப்புரத்துல எந்த வூட்லயும் அப்படி ஒண்ணு இருக்காது."

அவர்கள் போனதும் அம்மா சொன்னாள்: "தேக்கு மேல நூக்குன்னு வெவரமா சொல்லியிருக்கலாமே."

"பட்டறையில அதுக்கு நூக்க பீரோன்னுதான் பேரு. கல்யாணம் பேச வந்தவங்களுக்குப் பாடம் நடத்தச் சொல்றியா?"

அப்பா செய்த தப்பு அது ஒன்றுதான். அதை நான் மறைக்கவில்லை.

உள்கூட்டுக்குத் தேக்கு வேண்டும். கடையில் கிடைத்த தேக்கையெல்லாம் தட்டிப் பார்த்து வேண்டாம் என்றார். பச்சை மரம் பிறகு அசையும், அசைந்தால் மேலே உள்ள நூக்குத் தகடு வெடித்துவிடும். கோட்டக்குப்பத்தில் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு சைக்கிளில் மூன்று தடவை போனார். நாலு தூண்களைத் தேர்ந்தெடுத்து வண்டியில் ஏற்றி வந்தார். மழைக்காலத்தில் பசை சரியாகப் பிடிக்காது என்று தை வரைக்கும் காத்திருந்தார். பசை என்பது வச்சிரம், மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுப்பது. இரண்டு மாதம் எங்கள் வீடு நாறியது. "கல்யாண வூடா, தோல் ஷாப்பா?" என்று அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். தகட்டை ஒட்டி, மேலே சூடான மணல் மூட்டைகளை அடுக்கி இறுக வைத்தார். கடைசியில் அரக்கு பாலிஷ். அதைத் துணிப்பந்தால் வட்டம் வட்டமாகத் தேய்த்தது அக்காதான். பதினோரு நாள் தேய்த்தாள்.

முடிந்தபோது மேலே இரண்டு கதவு, கீழே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இழுப்பறை. கதவுகளைச் சாத்தினால் நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் ரேகைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு எரியும் தீ மாதிரி மேலே போயின. இழுப்பறைகள் அவ்வளவு கச்சிதம். ஒன்றை மெதுவாக உள்ளே தள்ளினால், உள்ளே அடைபட்ட காற்று போக வழி இல்லாமல் மற்றதை ஒரு அங்குலம் வெளியே தள்ளும். "காத்துக்கே வழி வுடல பாத்தியா" என்று பார்க்க வந்த ஒவ்வொருவருக்கும் தள்ளிக் காட்டினார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றும் லாரியில், சாக்கும் கம்பளியும் சுற்றி பீரோவை விழுப்புரம் கொண்டுபோனோம். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சீர் சாமான்களை மாப்பிள்ளை வீட்டு வாசலில் வைக்க வேண்டும். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒவ்வொன்றின் மேலும் கையை வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அது உள்ளே போகும். அக்காவை மாதா கோயிலுக்குப் பக்கத்தில் உறவுக்காரர் வீட்டில் விட்டிருந்தோம். சீர் இறக்கிய வாசலில் அவள் இல்லை.

தாய்மாமன் பெயர் தேவசகாயம். விறகுத்தொட்டி வைத்து விறகு விற்றவர். மரம் என்றால் அந்தக் குடும்பத்தில் அவர் சொன்னதுதான். கட்டில், பாத்திரம், பாய் எல்லாவற்றின் மேலும் கையை வைத்தவர், பீரோவை இரண்டு சுற்று சுற்றினார். கதவைத் திறந்தார்.

"வெளிய கறுப்பு, உள்ள மஞ்சள். இன்னா சம்பந்தி, ரெண்டு ஜாதிக்குப் பொறந்த மரமா?"

கூட்டம் சிரித்தது. அப்பா பதில் சொல்வதற்குள் அவர் மடக்குக் கத்தியைக் கதவின் அடி ஓரத்தில் கொடுத்து நெம்பினார். நகக்கண் அளவு தகடு பெயர்ந்து வந்தது. அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்.

"தோலு! பாத்துக்கினீங்களா? திருக்கோவிலூர்ல எங்க சித்தப்பா மவளுக்கு இப்படித்தான் ஒருத்தன் குடுத்தான். ஒரு மழை பேஞ்சிச்சி, உள்ள டீப்பொட்டிப் பலகை."

"அண்ணே, கத்திய எடுங்க" என்றார் அப்பா. "நூக்க மொத்தப் பலகையா போட்டா நம்ம ஊரு வெயிலுக்கு முறுக்கிக்கும். அதான் தேக்குல கூடு, மேல நூக்கு. இதுக்குத்தான் வேலை ஜாஸ்தி."

"மறைக்கிற வேலை எப்பவும் ஜாஸ்திதான்."

அம்மணி அத்தை முன்னால் வந்தாள். "நூக்குன்னு உங்க வாயால சொன்னீங்களா இல்லியா?"

"சொன்னேன்."

"உள்ள இன்னா?"

"தேக்கு. பழைய தூணு."

"உள்ள ஒரு தோலு, வெளிய ஒரு தோலு" என்றார் தேவசகாயம். "நடுவுல இருக்கறது கர்த்தருக்குத்தான் தெரியும். நான் கை வைக்க மாட்டேன். நாளைக்கிக் கோயிலுக்கு வர்றதா வேணாமான்னு அப்புறம் பேசிக்கலாம்."

மாப்பிள்ளை கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. அதை மட்டும் என்னால் இன்று வரை மன்னிக்க முடியவில்லை.

அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டார். பிறகு, "வூட்ல இஸ்திரிப் பொட்டி இருக்குதா?" என்று கேட்டார்.

பெட்டியில் கரி போட்டுக் கொடுத்தார்கள். கதவுகளையும் இழுப்பறைகளையும் கழற்றிப் பாயில் கிடத்தினார். அக்கா பதினோரு நாள் தேய்த்த பாலிஷைச் சுரண்டினார். ஈரத்துணியைப் போட்டு மேலே இஸ்திரிப் பெட்டியை அழுத்தினார். ஆவி உள்ளே இறங்கி வச்சிரம் இளகியது. ஓரத்தில் கத்தியை நுழைத்துத் தகட்டைத் தூக்கினார். கையளவு இடத்தில் தேக்கு தெரிந்ததும் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு மூலையில நல்ல மரம் வச்சிருப்பே" என்றார் தேவசகாயம். "முழுசா எடுய்யா."

காலையில் இருந்த "சம்பந்தி" போய்விட்டது. அப்பா முழுவதையும் எடுத்தார். எட்டுத் தகடும். வெயில் சாயும் வரை ஆனது. ஒட்டும்போது எவ்வளவு மெதுவாக ஒட்டினாரோ அவ்வளவு மெதுவாகவே உரித்தார். ஆனாலும் தகடுகள் துண்டு துண்டாகத்தான் வந்தன. அம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

தேவசகாயம் நகத்தால் கீறினார். குனிந்து முகர்ந்தார்.

"தேக்குதான். சுத்தமான தேக்கு. இவ்ளோ நல்ல மரத்த வச்சிக்கினு அதும்மேல எதுக்குய்யா இந்தத் தோலு? மொதல்லயே சொல்லியிருந்தா எல்லாருக்கும் இவ்ளோ பேஜாரு இல்ல, பாரு."

கையை வைத்தார். பீரோ உள்ளே போனது. கீழே கிடந்த நூக்குத் துண்டுகளைக் காலால் கூட்டிப் பந்தலுக்குப் பின்னால் இருந்த சமையல்காரரைக் கூப்பிட்டார். "காஞ்ச சரக்கு. ஜல்தியா புடிச்சிக்கும், எடுத்துக்கினு போ." மறுநாள் கல்யாணச் சோறு அந்த அடுப்பில்தான் வெந்தது. நாங்களும் சாப்பிட்டோம்.

கோயிலில் தாலி கட்டி முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்குள் வந்த அக்கா, கண்ணால் தேடிவிட்டு அப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள். "என் பீரோ வரலியாப்பா?" பீரோ அவள் எதிரில்தான் இருந்தது. வச்சிரக் கறையும் கத்தி கீறிய கோடுமாக, வெளுத்துப் போய்.

"வந்துடுச்சிம்மா" என்றார் அப்பா. "அதான்."

அவள் கிட்டே போய் மேல் இழுப்பறையை இழுத்து, மெதுவாகத் தள்ளினாள். கீழ் இழுப்பறை ஒரு அங்குலம் வெளியே வந்தது. திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு திண்டிவனத்தில் அப்பாவிடம் வேலை சொல்லியிருந்த இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். "ஒட்டு வேலைக்காரரு" என்று பேர் வந்துவிட்டது. பள்ளிக்கூட பெஞ்சு செய்யும் ஒரு காண்டிராக்டரிடம் போய்ச் சேர்ந்தார். காட்டு மரம், ஆணி, மேலே பச்சைப் பெயிண்டு. இன்றும் அதுதான்.

அடுத்த வருடம் அக்காவைப் பார்க்க அவருடன் நானும் போனேன். அம்மணி அத்தை காப்பி கொடுத்தாள். பீரோவைக் கையால் காட்டினாள்.

"ஒண்ண மூடுனா இன்னொண்ணு தொறந்துக்கிது. பேய் புடிச்சாப்பல. எங்க அண்ணன் வந்து பின்னால நாலு ஓட்டை போட்டுக் குடுத்தாரு. இப்ப ஒழுங்கா இருக்குது."

அப்பா எழுந்து போய்ப் பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். நாலு ஓட்டை. "நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்து மிச்சக் காப்பியைக் குடித்தார். அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

இப்போது எனக்கும் இடம் பார்க்கிறார்கள். போன வாரம் சாப்பிடும்போது அப்பா தானாகச் சொன்னார்.

"உனக்கு இரும்பு பீரோ வாங்கிடறேம்மா. கடையில விக்கிறான். தட்டினா சத்தம் கேக்கும். எவனும் உரிக்கச் சொல்ல மாட்டான்."

எனக்கு எதுவும் வேண்டாம் என்றேன். அவருக்குக் காதில் விழவில்லையோ என்னவோ, தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.