வாசலில் தொங்கும் பாலாடை

ஏரிக்காற்று அடித்தால் என் வாசலில் வெள்ளி கிணுகிணுக்கும். இரண்டு கரண்டி, ஒரு கிண்ணம், நடுவில் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை. தூண்டில் நரம்பில் நானே கோத்த தோரணம்.

மாமியார் சாகுமுன் தன் பழைய வெள்ளியை இளைய மருமகளான எனக்குக் கொடுத்தார். எனக்குப் பிள்ளையில்லை. கருமாதிக்கு வந்த சனத்தின் முன்னால் மூத்த மருமகள் சிரித்தாள்.

"புள்ள இல்லாத வூட்டுக்குப் பாலாடை இன்னாத்துக்குடி? வாசல்ல தொங்கவுட்டு அழகு பாரு!"

இறால் உரித்த விரலில் உப்பு ஏறியதுபோல் எரிந்தது. மறுவாரமே படகு இன்ஜின் பழுதுபார்ப்பவரிடம் போய், பாலாடையின் அடியில் துளை போட்டு வந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பேர் வைக்கும் நாளில் அந்தப் பாலாடையில்தான் பிள்ளைக்குப் பால் புகட்டுவார்கள். நேற்று மூத்தவள் தன் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நாளைக்குப் பேர் வெக்கிறோம். பாலாடையைக் குடு, கண்ணு."

கண்ணாம்! கழற்றி அவள் கையில் வைத்தேன். தூக்கிப் பார்த்தாள். துளை வழியே ஏரி வெளிச்சம் அவள் கன்னத்தில் பொட்டாக விழுந்தது. பிள்ளை மட்டும் மிச்ச வெள்ளியின் ஒலிக்குத் தலை திருப்பியது. அது ஒன்றுதான் எனக்கு வலித்தது.

"ஓட்ட போட்டுட்டியேடி, பாவி!"

வாங்கித் திரும்பத் தோரணத்தில் மாட்டினேன்.

"நீ சொன்னபடிதாங்க்கா தொங்கவுட்டேன். போம்போது ஒருவாட்டி அழகு பாத்துட்டுப் போ."