மீசையை எடுத்தால்தான் சுறா

ஆக்களைப் பயணம் அனுப்புறது ஒரு பெரிய தொழிலே இல்லை, கொம்பியூட்டருக்கு முன்னாலை குந்தியிருந்து ஆரும் செய்யலாம். எட்டுத் தமிழரை ஒரே நாளிலை ஒரே கப்பலிலை ஏத்துறதுதான் தொழில். எந்தக் குடும்பத்திலையும் ஒராள் இருப்பார், எங்கை போறதெண்டாலும் "நீயே எல்லாத்தையும் பார்" எண்டு தலையிலை கட்டிவிட. நீங்கள் அந்த ஆளெண்டால் வாங்கோ, இப்பிடி இருங்கோ. உங்கடை வயித்தெரிச்சல் எனக்கு விளங்கும்.

நான் லண்டனிலை ஃபாரஸ்ட் கேட் பக்கம், மரக்கறிக் கடைக்கும் நகைக் கடைக்கும் நடுவிலை இருக்கிற ஒரு டிக்கெட் கடையிலை வேலை செய்யிறன். கொழும்பு, சென்னை, கனடாவிலை கலியாணம், இதுதான் என்ரை சோறு. எகிப்துக்கு விடுமுறை போன இடத்திலை ஒருக்கால் முதுகிலை சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள்ளை இறங்கினன். அதோடை விசர் பிடிச்சிட்டுது. பிறகு வருசா வருசம் போனன், எப்பவும் முகம் தெரியாத ஆக்களோடைதான். ஒரு கவலை மட்டும் தீரேல்லை. சுறாவைக் கண்டிட்டு மேலை வந்தால் பக்கத்திலை மிதக்கிற வெள்ளைக்காரர் "லவ்லி" எண்டு சொல்லிப்போட்டுப் பேசாமல் இருப்பினம். எனக்கோ "ஐயோ, அதின்ரை வாயைப் பாத்தனியளே" எண்டு தமிழிலை கத்தோணும். அதுக்கு ஒராள் தமிழிலை திருப்பிக் கத்தோணும். இந்த ஆசையிலைதான் ரெண்டு வருசமாய்த் தெரிஞ்ச ஆக்களை எல்லாம் இழுத்துக்கொண்டுபோய் நீச்சல் குளம், குளிர் ஏரி, செங்கடல் எண்டு பழக்கி எடுத்தனான்.

இந்த வருசம் ஒரு திங்கக்கிழமை காலமை மாலைதீவிலை இருந்து கப்பல்காரன் எழுதியிருந்தான். ஒரு கிழமை கப்பலிலேயே சாப்பிட்டு, கப்பலிலேயே படுத்து, சுறா நிக்கிற இடமாய்ப் பாத்துக் குதிக்கிற பயணம். முந்திப் பிடிச்ச கூட்டம் ஒண்டு விலகிப்போச்சாம், மூண்டு கிழமையிலை கப்பல் வெளிக்கிடுது, எட்டு இடமும் சேத்து எடுத்தால் எங்களுக்குத்தானாம். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ளை எட்டுப் பேர் தேறாட்டில் வேறை ஆக்களுக்குப் போயிடும். தேத்தண்ணியை ஆறவிட்டிட்டு உடனை போனை எடுத்தன்.

போனிலை சொல்லாத சொல்

முதல் போன் செல்வம் அண்ணைக்கு. வால்தம்ஸ்டோவிலை பலசரக்குக் கடை வைச்சிருக்கிற மனிசன், ஐம்பத்தெட்டு வயசிலை சிலிண்டர் கட்டப் பழகினவர். "அண்ணை, கப்பல் கிடைச்சிட்டுது. எல்லாச் சுறாவும் இருக்காம். தென்கோடியிலை புலிச்சுறாவும் பாக்கலாமாம். புலி நிச்சயம் வருமாம், அண்ணை. ஆறேழு புலி ஒண்டாய் வருமாம்" எண்டு நான் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போறன்.

அண்ணை கடைக்குப் பின்பக்கம் போய், கதவைச் சாத்திப்போட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நான் வாறன், தங்கச்சி. ஆனால் போனிலை அந்தச் சொல்லைச் சொல்லாதையுங்கோ. சுறா எண்டு மட்டும் சொல்லுங்கோ, எனக்கு விளங்கும்."

வறை

கௌரி அக்கா பள்ளிக்கூடம் ஒண்டிலை சமையல் வேலை. மூண்டு பிள்ளையளும் வளந்து கொலிஜுக்குப் போயிட்டினம். மனுசன் ஆறு மணிக்குக் கதிரையிலை இருந்தால் பத்து மணிக்குத்தான் எழும்புவார். கப்பல் எண்டு சொன்னவுடனை அக்கா மறுபேச்சுப் பேசேல்லை, என்ன உடுப்புக் கொண்டுபோறது எண்டுதான் கேட்டா. மனுசன்தான் ரிமோட்டைக் கீழை வைச்சிட்டு, "உமக்கென்ன விசரே? சுறாவைப் பாக்கோணுமெண்டால் மீன்கடைக்குப் போம்" எண்டாராம்.

அக்கா எனக்கு இதைச் சொல்லேக்கை சிரிக்கேல்லை. பிள்ளை பெத்த வீட்டிலை பால் சுரக்க எண்டு எங்கடை ஆக்கள் சுறாவை உதிர்த்துத் தேங்காய்ப்பூவோடை வறுத்து வறை எண்டு குடுக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே. அக்கா மனுசனுக்குக் குடுத்த மறுமொழி இதுதான்: "மூண்டு பிள்ளை பெத்தனான், எத்தினை சுறா திண்டிருப்பன். ஒண்டையாவது முகத்துக்கு நேரை பாக்கவேண்டாமோ?"

பெருவிரல்

செவ்வாய்க்கிழமை பின்னேரம் எல்லாரும் நீச்சல் குளத்திலை கூடினம். எங்களுக்குப் பழக்கிற ஜேன் எண்ட பொம்பிளை ஒவ்வொருத்தரையும் கடைசியாய் ஒருக்கால் சோதிச்சு, "இவர் ஆழத்துக்குப் போகலாம்" எண்டு கையெழுத்து வைச்சால்தான் கப்பல்காரன் ஏத்துவான். எங்கடை கூட்டத்திலை இருக்கிற பொடியள் நாலு பேர் அவ சொல்லி முடிக்கமுந்தி இறங்கிட்டாங்கள். "அன்ரி, திஸ் இஸ் ஹப்பனிங்" எண்டு என்னைக் கட்டிப்பிடிச்சு நனைச்சும் போட்டாங்கள்.

செல்வம் அண்ணைதான் சிக்கல். தண்ணிக்குள்ளை "எல்லாம் சரி" எண்டால் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாய்ச் சேக்கோணும். பெருவிரலைத் தூக்கினால் "மேலை போவம்" எண்டு அர்த்தம். இது அண்ணைக்கு வடிவாய்த் தெரியும். ஆனால் சந்தோசம் வந்தால் அந்த விரல் தன்பாட்டிலை எழும்புது. ஜேன் "சரியோ?" எண்டு கேப்பா, அண்ணை எங்கடை முறையிலை தலையை ரெண்டு பக்கமும் ஆட்டுவார், அது ஓமோ இல்லையோ எண்டு அவவுக்கு விளங்காது, உடனை அண்ணை உறுதிப்படுத்த எண்டு பெருவிரலைத் தூக்குவார். ஜேன் கையிலை பிடிச்சு மேலை கொண்டுவருவா. மூண்டாந்தரமும் மேலை வந்து மூக்கைச் சிந்திப்போட்டு அண்ணை என்னட்டைக் கேட்டார்: "நல்லாயிருக்கு எண்டு சொன்னதுக்கே மேலை இழுக்கிறாள், நல்லாயில்லை எண்டு சொன்னால் வீட்டை அனுப்புவாளோ?"

முகமூடி

செல்வம் அண்ணைக்கு நாலாந்தரத்திலை கையெழுத்துக் கிடைச்சிட்டுது. எட்டாவது ஆள் பாஸ்கரன் அண்ணை. பிரான்ஸிலை கனகாலம் இருந்திட்டு லண்டனுக்கு வந்து, குளியலறைக்கு மாபிள் பதிக்கிற வேலை செய்யிறார். எங்கள் எல்லாரிலையும் பாக்கச் சுறாவிலை பைத்தியம் அவருக்குத்தான். மதிய இடைவேளையிலை சாப்பாட்டை விட்டிட்டுச் சுறாப் படம் பாக்கிற மனிசன். அவருக்கு நல்ல தடிச்ச மீசை. முகமூடி அதிலை ஒட்டாமல் ஓரத்தாலை தண்ணி உள்ளை வரும். ரெண்டு வருசமாய் வஸலீனைப் பூசிப் பூசிச் சமாளிச்சவர். அண்டைக்கு ஜேன் விடேல்லை. நீரோட்டம் இழுக்கிற இடத்திலை, பக்கத்திலை பெரிய சுறா நிக்கேக்கை, முகமூடிக்குள்ளை தண்ணி நிரம்பினால் பதட்டம் வரும், மீசையை எடுக்கோணும், இல்லாட்டில் கையெழுத்தில்லை எண்டு முடிச்சிட்டா.

தமிழ் ஆக்கள் நாங்கள் எல்லாரும் குளத்தின்ரை தரையைப் பாத்துக்கொண்டு நிண்டம். அப்பா கண்ணை மூடினாப்பிறகு மகன் எடுக்கிற மீசை அது, அதுக்கு முந்தி ஆர் கை வைப்பினம்? பாஸ்கரன் அண்ணை துவாயைப் போத்துக்கொண்டு, "என்ரை அப்பா இன்னும் உயிரோடை இருக்கிறார்" எண்டு இங்கிலீசிலை சொன்னார். ஜேன் எங்கள் எல்லாரின்ரை முகத்தையும் மாறி மாறிப் பாத்தா. பிறகு நல்ல மரியாதையாய்க் கேட்டா: "கேக்கச் சந்தோசம். அவருக்கும் மீசை இருக்கோ?"

தேத்தண்ணி

புதன்கிழமை கடை திறந்து கொஞ்ச நேரத்திலை பாஸ்கரன் அண்ணை உள்ளை வந்தார். முதல் ஆரெண்டு மட்டுப்பிடிக்க முடியேல்லை. மேலுதடு வெள்ளையாய், பள்ளிக்கூடப் பொடியன் மாதிரி. "எடுத்திட்டன், தங்கச்சி. சுறா ஆசை விடுதில்லை. அப்பாவுக்குப் பிறகு சொல்லுவம்" எண்டார். அந்த நேரம் கடையிலை சென்னை டிக்கெட்டுக்கு நிண்ட ஒரு அம்மா அவரை ஏற இறங்கப் பாத்திட்டு, ஒண்டும் கேக்காமல் அவரின்ரை கையை ரெண்டு கையாலும் பிடிச்சுக் கண் கலங்கினா. நான் வாயைத் திறக்கமுந்தி அவ வெளியிலை போயிட்டா. நகைக் கடைக்காரருக்கும் சொல்லியிருப்பா போலை.

அதுக்குப் பிறகு நடந்ததை நான் சொல்லத் தேவையில்லை, எங்கடை ஆக்களின்ரை வட்ஸப்பைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பின்னேரம் நோர்பரியிலை பாஸ்கரன் அண்ணையின்ரை தாய் தேப்பன் இருக்கிற வீட்டு வாசலிலை கார் மேலை கார். ஒராள் சோத்துப் பார்சலோடை, ஒராள் மாலையோடை. மணி அடிச்சவுடனை கதவைத் திறந்தது பெரியவரேதான், ஸ்வெட்டரும் சாரமும் உடுத்து, கையிலை கிரிக்கெட் பாத்த கண்ணாடியோடை. வந்தவை வாசலிலேயே விறைச்சுப்போய் நிண்டினமாம். விசயத்தைக் கேட்டு அறிஞ்ச பெரியவர் கதவை அகலத் திறந்துவிட்டு, "வாங்கோ, நான்தான் பிரேதம். தேத்தண்ணி குடிக்கிறியளோ?" எண்டாராம்.

ஏழு பேர்

பெரியவர் சிரிச்சார், அம்மா சிரிக்கேல்லை. மாலையைக் கண்ட இடத்திலை இருந்தவதான், சாப்பிடாமல் சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தாவாம். "என்ரை தாலியிலை கை வைச்சிட்டான்" எண்டு ஒரே புலம்பலாம். வியாழக்கிழமை இரவு பாஸ்கரன் அண்ணை எனக்குப் போன் எடுத்து, "நான் வரேல்லை, தங்கச்சி. அம்மா இப்பிடி இருக்கேக்கை எந்தச் சுறாவைப் பாக்கிறது" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டார். அவரிலை பிழை சொல்ல எனக்கு மனம் வரேல்லை. ஆனால் பொய் சொல்லமாட்டன், நான் குசினியிலை நிண்டு அழுதனான். ரெண்டு வருசம் கட்டி இழுத்த தேர் வாசலிலை நிக்குது, ஒரு மீசை குறுக்கை விழுந்து கிடக்குது.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குக் கொஞ்சம் முந்தி, கப்பல்காரனுக்கு "ஏழு பேர்தான், ஆள் காணாது" எண்டு எழுதிக்கொண்டிருக்கிறன், கடைக் கதவு திறபட்டுது. முன்னுக்குப் பெரியவர், கோட்டும் தொப்பியும் போட்டு; பின்னாலை மகன். அம்மா ஒரு நிபந்தனையோடை இறங்கி வந்திட்டாவாம். மீசை திரும்ப முளைக்கும் வரைக்கும் மகன் லண்டனுக்குள்ளை எங்கை போனாலும் அப்பா பக்கத்திலை நிக்கோணும், பாக்கிற சனத்துக்கு ஆள் உயிரோடை இருக்கிறார் எண்டு தெரியோணும். பெரியவர் என்ரை கதிரைக்கு முன்னாலை இருந்தார். மகன்ரை முகத்தைக் கொஞ்ச நேரம் பாத்தார். பிறகு என்னட்டைச் சொன்னார்: "நான் செத்தாப்பிறகு இவன் மீசையை எடுத்தால் அந்த முகத்தை நான் காணப்போறேல்லை. இப்ப கண்டிட்டன், வடிவாய்த்தான் இருக்கிறான். எட்டு எண்டு எழுது, பிள்ளை."

கூடவே ஒரு அப்பா

அதுக்குப் பிறகு பயணம் போற வரைக்கும் எங்கடை ஆயத்தம் எல்லாத்திலையும் பெரியவர் நிண்டார். பாஸ்கரன் அண்ணை ஒவ்வொரு நாளும் மீசையை வழிச்சார், அப்பா ஒவ்வொரு நாளும் கூடப் போனார். மாபிள் பதிக்கிற வீடுகளுக்கும் போனாராம். முகமூடியிலை ஒரு சொட்டு வரேல்லை எண்டு ஜேன் கையெழுத்து வைச்ச அண்டைக்குக் குளத்தின்ரை கரையிலை கோட்டோடை இருந்து கை தட்டினதும் அவர்தான். "அப்பாவுக்கும் மீசை இருக்கு" எண்டு ஜேனுக்குக் காட்டினனான்.

ஹீத்ரோவிலை அவருக்குத்தான் மனம் கேக்கேல்லை. போற இடத்திலை தமிழ் ஆக்கள் ஆரும் கண்டால் என்ன செய்யிறது எண்டு யோசிச்சு, மகன்ரை தோளிலை கை போட்டு ஒரு படம் எடுக்கச் சொன்னார். பொடியன் ஒருத்தன் எடுத்தான். "ஆரும் கேட்டால் இதைக் காட்டு. கேக்காட்டிலும் காட்டு."

மேலை வந்து

கப்பல், அந்தத் தண்ணியின்ரை நிறம், விடிய எழும்பினவுடனை யன்னலுக்குள்ளை கடல், இதெல்லாம் எழுதினால் நிப்பாட்டமாட்டன். ஒண்டை மட்டும் சொல்லுறன். தென்கோடியிலை நாங்கள் எட்டுப் பேரும் கையைக் காலை ஆட்டாமல் வரிசையாய் நிக்கிறம். நீலத்துக்குள்ளை இருந்து ஒரு நிழல் வந்து, தலையாகி, கண்ணாகி, விலாவிலை கோடு கோடாய் எங்களைக் கடந்து போச்சுது. பயம் எண்டு நினைச்சிருந்தன், பயம் வரேல்லை. அவ்வளவு ஆறுதலாய், அவசரமில்லாமல் போற ஒண்டை லண்டனிலை கண்டதே இல்லை. செல்வம் அண்ணையின்ரை விரல் எழும்பினது, கௌரி அக்கா அதை எட்டிப் பிடிச்சு அமத்தினா. மேலை வந்து வாய்க்குழாயைத் துப்பினதுதான் தாமதம், எட்டுப் பேரும் ஒரே நேரத்திலை தமிழிலை கத்தினம். "அம்மாளாச்சி, என்ன தலையடா அது" எண்டது பாஸ்கரன் அண்ணை. நான் கத்தினது எனக்கே ஞாபகம் இல்லை, ஆனால் திருப்பிக் கத்த ஆக்கள் இருந்தினம். எனக்கு அது போதும்.

சத்தம் கேட்டுக் கப்பல் குசினிக்குள்ளை இருந்து சமையல்காரர் முத்து ஓடிவந்தார். ராமநாதபுரத்துக்காரர். ரெண்டு நாளாய்ப் பாஸ்கரன் அண்ணைக்கு மட்டும் மீன் வைக்காமல் தனியாய்ப் பருப்பு வைச்சுக் குடுத்ததன் காரணம் எங்களுக்கு அப்பதான் விளங்கினது. அண்ணையைக் கை குடுத்து ஏத்திவிட்டு, மெதுவாய், "தப்பா நெனைக்காதீங்கண்ணே, அப்பா தவறி எத்தனை நாளாச்சு?" எண்டார். பாஸ்கரன் அண்ணை ஈரக் கையைத் துடைச்சு, போனிலை அந்தப் படத்தை எடுத்துக் காட்டினார். முத்து படத்தைப் பாத்தார், அண்ணையின்ரை உதட்டைப் பாத்தார், கடலைப் பாத்தார். பிறகு, "நூறு வருசம் நல்லா இருக்கட்டும்ணே. இன்னிக்கு ராத்திரி உங்களுக்கும் மீனு" எண்டார்.

சுறாவைக் கிட்ட நிண்டு பாக்க ஆசைப்படுறவைக்கு என்ரை அனுபவத்திலை சொல்லுறன், முதல் அப்பா சுகமாய் இருக்கோணும், பிறகு அம்மா சம்மதிக்கோணும், முகமூடி, சிலிண்டர் எல்லாம் அதுக்குப் பிறகுதான்.