மாஸ்ட்ஹெட்டில் யார் பெயர்

அந்தச் சொல்லை நான் முதன்முதலில் கேட்டது ஹட்டன் பஜாரில், துணிக்கடைக்கு மேலே இருந்த எங்கள் பத்திரிகை அலுவலகத்தில். மாதம் ஒருமுறை வரும் சின்னப் பத்திரிகை. நான் அதற்குப் பக்கம் கட்டுபவள். முதல் பக்கத்தின் உச்சியில் பத்திரிகையின் பெயர், அதற்குக் கீழே ஆசிரியரின் பெயர், விலாசம், தொலைபேசி எண். ஒரு மாதம் விளம்பரத்துக்கு இடம் போதவில்லை என்று அந்தக் கீழ்வரிகளைச் சுருக்கி மூலைக்குத் தள்ளிவிட்டேன். ஆசிரியர் பின்னால் வந்து நின்றார். கயிறு அறுத்த தழும்பு ஓடிய தடித்த விரலைக் கணினித் திரையில் வைத்து, "மாஸ்ட்ஹெட்டுல கை வைக்காத தங்கச்சி" என்றார்.

அர்த்தம் தெரியாத சொல்லை விட்டுவிட எனக்கு மனம் வராது. அகராதியைப் புரட்டினேன். பத்திரிகைக்கு முன்னால் அதில் கப்பல்தான் வந்தது. பாய்மரத்தின் உச்சி. தூரத்தில் என்ன வருகிறது என்று பார்க்க ஆளை ஏற்றும் இடம். தப்புச் செய்தவனைத் தண்டனையாக ஏற்றி உட்கார வைப்பதும் அங்கேதானாம். அப்படியானால் ஆசிரியர் என்பவர் தண்டனை வாங்கியவரா என்று அண்ணனைச் சீண்டினேன். ஆசிரியரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் சிரித்துவிட்டு, தான் பத்திரிகைக்கு வருமுன் வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் வேலை செய்த கதையைச் சொன்னார். பாய் போன பிறகும் கப்பலுக்கு அந்த உயரமான கம்பம் உண்டாம். அதன் உச்சியில் எரியும் வெள்ளை விளக்குக்கும் இதே பெயர்தானாம். பல்பு மாற்ற இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, கப்பல் ஆட ஆட ஏறியிருக்கிறார். "அந்த லைட்டு நமக்கு வழி காட்ட இல்ல. நாம இங்க இருக்கோம், இந்தப் பக்கம் வர்றோம்னு எதுக்க வர்றவனுக்குத் தெரியணும். அதுக்குத்தான்" என்றார்.

அச்சில் வரும் தன் பெயருக்கும் அவர் அதே வேலையைத்தான் கொடுத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. செய்தி பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் அந்த விலாசத்தைப் பார்த்துத்தான் எங்கள் மரப்படிகளில் ஏறி வந்தார்கள். சண்டைக்கு வந்தவருக்கும் பிளேன்டீ உண்டு. அந்தத் தைரியம் எனக்கு அப்போது மிகவும் பிடித்திருந்தது. அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று யோசிக்கும் வயது எனக்கு இல்லை.

அண்ணனும் அண்ணியும் குடியிருந்தது ஹட்டனுக்கு வெளியே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில். அண்ணி கொழுந்து பறிப்பவர். அந்தக் காம்பரா, அதாவது அந்த ஒற்றை அறை, அவருடைய வேலைக்காகத் தோட்டம் கொடுத்தது. வேலை போனால் கூரையும் போகும். ஒரு மழைக்காலத்தில் அந்த லயத்துக்கு மேலே மலையில் நிலம் வெடித்தது. ஆள் கையை விடலாம், அவ்வளவு அகலம். தோட்டத்து நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை. அண்ணன் அந்த வெடிப்பைப் படத்தோடு முதல் பக்கத்தில் போட்டார்.

அதன்பிறகு யாரும் எங்கள் படி ஏறவில்லை. காலையில் ஆள் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் அண்ணியைத் தூரத்து மலைக்கு அனுப்பினார்கள். எவ்வளவு பறித்தாலும் நிறை குறைகிறது என்று சொல்லி அரைப்பேர் போட்டார்கள். அதாவது பாதி நாள் சம்பளம். பிறகு, காம்பராவைப் புதுக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று ஜாடையாகச் சொல்லியனுப்பினார்கள்.

ஒரு நாள் அண்ணி கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கோடு அப்படியே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். அண்ணன் இல்லை. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த மாதம் முதல் பக்கத்திலிருந்து அண்ணன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். பக்கம் என் கையில்தான் இருந்தது. அதற்குள் அண்ணனே படியேறி வந்தார். அவர் முன்னாலும் அண்ணி அதையே சொன்னார்.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. பெயரை எடுத்தால் செய்தி பொய் என்று ஆகிவிடும், வெடிப்புக்குக் கீழே படுக்கும் சனம் எழும்பாது என்றார்.

"அந்தச் சனத்துல நானும் ஒருத்திதானே" என்றார் அண்ணி. "எழும்பி எங்க போறதுன்னு எழுதுனீங்களா?"

 அடுத்த மாதமும் பெயர் அப்படியே நின்றது. இரண்டு பேருமே சொன்னது நியாயம் என்பதுதான் என்னை இன்றுவரை வதைக்கிறது. சில மாதங்களில் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு டவுனில் வாடகை அறைக்கு வந்தார்கள். அண்ணி ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினார். சில வருடங்களில் பத்திரிகை நின்றது. அதற்குப் பின் அண்ணனும் நோயில் போய்விட்டார். சாவு வீட்டில் எல்லோரும் அவருடைய பெயரைப் பெருமையாகச் சொன்னபோது அண்ணி எழுந்து அடுப்படிக்குப் போனதைப் பார்த்தேன்.

இப்போது நான் போனில் ஒரு செய்திப் பக்கம் நடத்துகிறேன். அதில் என் பெயரும் இல்லை, யார் பெயரும் இல்லை. என் கணவர் தோட்டத்து ஆபீஸில் வேலை செய்கிறார். அதனால் வேண்டாம் என்று நானே வைத்துக்கொண்ட ஒழுங்கு. இந்த மழையில் ஒருவர் படம் அனுப்பினார். அதே மலை, அதே வெடிப்பு, இப்போது வாய் பிளந்து கிடந்தது. லயத்தை விட்டு உடனே வெளியேறுங்கள் என்று போட்டேன். கீழே வரிசையாகக் கேள்வி வந்தது. யார் நீங்கள்? யார் சொல்லி நாங்கள் எழும்ப வேண்டும்? வதந்தி என்று ஒருவர் சிரித்தும் வைத்திருந்தார்.  என் பெயரை டைப் அடிப்பேன், அழிப்பேன்.

அப்போதுதான், பக்கம் என்னுடையது என்று அறிந்த அண்ணி அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். அவர் இப்போது தன் மகள் வெளிநாட்டில் உழைத்துக் கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கிறார்.

"நீ ஒன் பேரைப் போடாத புள்ள. ஒனக்குக் குடும்பம் இருக்கு. என் பேரைப் போடு. அந்த லயத்து ஆளுகளுக்கு என்னையத் தெரியும். என்கிட்ட புடுங்க இனி அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. எங்க வீட்டு விலாசத்தையும் போடு. சோறு ஆக்குறேன், பாயோட வரச் சொல்லு."

இருட்டுவதற்குள் பல பேர் அண்ணி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வராதவர்களும் உண்டு. இதை எழுதும்போதும் மழை விடவில்லை. ஆனால் அந்த அழைப்பை வைப்பதற்கு முன் நான் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. இத்தனை வருடத்தில் அண்ணி என்பதைத் தவிர அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. கேட்டேன், சொன்னார். பெயருக்கு முன்னால் அண்ணனின் முதலெழுத்தைத்தானே போட வேண்டும் என்றேன்.



"எங்க அப்பா எழுத்தைப் போடு" என்றார் அண்ணி. "அவரோடது வேணாம்."