ஒரு பென்னி விக்கெட் கீப்பர்

இன்று என் கணவரோடு பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடை பாயிடம் போயிருந்தேன்.

வீட்டில் மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறொன்றும் இல்லை. காய்ச்சலில் கிடக்கும் மகள் அரிசிக் கஞ்சி கேட்டாள். அதனால்தான் இவர், சிகரெட் பெட்டிகளில் வந்த கிரிக்கெட் ஆட்டக்காரர் அட்டைகளை விற்கச் சம்மதித்தார். ஜப்பான்காரன் வந்து அரிசியே அரிதாவதற்கு முன், பத்து வருடம் ஓர் ஆல்பத்தில் சேர்த்தவை. கூடவே, லண்டனில் அச்சான அட்டை விலைப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டார். அதில் இருப்பதுதான் இவருக்கு வேதம்.

கடையில் ஓர் அட்டையை நீட்டினார். "பாய், இது கெடைக்கவே கெடைக்காது. அஞ்சு ஷில்லிங்னு போட்டிருக்கான், பாருங்க."

பாய் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. ஆல்பத்தைப் புரட்டி, ஓர் ஒல்லியான விக்கெட் கீப்பர்மேல் விரலை வைத்தார்.

"இவன்தான் தம்பி வேணும். அம்பதுல எங்கிட்ட நாப்பத்தொம்பது அட்டை இருக்கு. இவன் ஒருத்தன்தான் இல்ல."

"இதுக்கு ஒரு பென்னிதான் பாய் போட்டிருக்கான். எல்லார்கிட்டயும் இருக்குமே!"

நான் இவர் காலை நன்றாக மிதித்தேன்.

"எங்கிட்ட இல்லையே," என்ற பாய், உள்ளே போய் ஒரு காத்தி அரிசியை, ஒன்றேகால் ராத்தலுக்கு மேலேயே இருக்கும், துணியில் முடிந்து கொண்டுவந்தார்.

மகள் வயிறாரக் கஞ்சி குடித்துவிட்டாள். இவர் புத்தகத்தில் 'ஒரு பென்னி'யை அடித்துவிட்டு, 'ஒரு காத்தி அரிசி' என்று பென்சிலால் திருத்தியிருக்கிறார்.

அந்த அட்டைகளைக் குப்பையில் போடச் சொல்லி வருடக்கணக்காகச் சண்டை போட்டவள் நான். இன்னும் இவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. எப்படியும் ஆரம்பிப்பார். என்ன பதில் சொல்லலாம், யாராவது சொல்லுங்களேன்?