அவர் ஒதுக்கிய சோயா

எங்கள் நகரி ஆந்திராவுக்கா, சென்னை மாநிலத்துக்கா என்று ஊரே சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். உடம்பு பெருத்து, என் கணவருக்கு மூச்சு வாங்கியது.

"ரத்தத்துல கொழுப்பு ஏறிப்போச்சு. நெய், கறியை விடுப்பா" என்றார் டாக்டர்.

பர்மாவிலிருந்து வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா, கொழுப்பைக் கரைக்கும் என்று புளிக்கவைத்த சோயாவைத் தினமும் கொடுத்தனுப்பினாள். அவர் கறியைத் தின்றுவிட்டு அதை மட்டும் ஒதுக்குவார்.

"நாத்தம். நீயே துன்னு."

புருஷன் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் பெண்டாட்டி சாப்பிட வேண்டும். தின்றேன். நான் இளைத்தேன், அவர் இன்னும் பெருத்தார்.

"எம்புள்ள மூச்சு வாங்கிக்கினு கீறான், இவ குதிரையாட்டம் ஓடிக்கினு கீறா" என்றாள் மாமியார்.

மாரடைப்பில் அவர் போனார். படையல் இலையில் மாமியார் கறி வைத்தாள். நான் ஒரு கை சோயா வைத்தேன்.

பாவம்தான். ஆனால் இந்த முறை அவரால் அதை ஒதுக்க முடியவில்லை என்பது இன்றும் எனக்கு இனிக்கிறது.